காற்று இறங்கிய பட்டம்

"இன்னா மேடம், கைய கட்டிக்கினு வேடிக்க பாக்கறீங்க? போட்ட எறக்குங்க! எம் பொண்ணு தண்ணியில கெடக்குறா!"

ஏரிக்கரையே அதிரும்படி கத்தினார் லூர்துராஜ். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய ஆடிக் காற்று அவர் சத்தத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

நடு ஏரியில் இசபெல்லாவின் பட்டம் விழுந்து கிடந்தது. சாதாரணப் பட்டம் இல்லை. காற்றடைத்த குழாய்கள் வைத்துத் தைத்த, ஒரு பந்தல் அகலப் பட்டம். அதன் கயிற்றை இடுப்பில் கோத்து, காலில் பலகையை மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்குவதுதான் அவள் விளையாட்டு. இன்று பயிற்சியின் கடைசி நாள். பயிற்சியாளர் ஜெயசுதா 'தேறிவிட்டாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை தூத்துக்குடிக் கடற்கரையில் இதே விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் வேலை. பெத்த பெண்ணைக் கடலுக்கு அனுப்புவதா என்று லூர்துராஜ் ஒரு மாதமாக வீட்டில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

நன்றாகப் பறந்துகொண்டிருந்த பட்டம் திடீரென்று முன்பக்கம் தொய்ந்து தொப்பென்று விழுந்ததும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. இப்படி நடு ஏரியில் விழும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"போட்டு ரெடியாதாங்க இருக்கு. சின்னராசு இஞ்சின ஓட விட்டுக்கினுதான் நிக்கிறாரு. அவ கைய தூக்கி ஆட்டினா உடனே போயிடுவோம். இன்னும் ஆட்டலியே" என்றார் ஜெயசுதா, ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கைய ஆட்டுற வரைக்கும் பாத்துக்கினு இருப்பீங்களா? முழுகினப்புறம் கால ஆட்டுவாளா?"

"பதறாதீங்க. பாருங்க, இடுப்புக் கொக்கிய கழட்டி விட்டுட்டா. இனிமே பட்டம் அவள இழுக்காது. இப்ப கயித்த கைப்பிடிக் கட்டையில சுத்துறா. கையில சுத்தினாதான் வெரல அறுத்துடும்."

"ஓட்ட சாமான குடுத்துட்டு பாடம் வேற எடுக்கறீங்களா? சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசமா பஞ்சர் ஒட்டறவன் நானு. காத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். அதுல ஒரு பொட்டப்புள்ளய எறக்கி விட்டுட்டு நிக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா?"

அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். கோபத்தில் என்றுதான் சின்னராசு நினைத்தார்.

இசபெல்லா பட்டத்தை எட்டிப் பிடித்துவிட்டாள். அதன்மேல் கவிழ்ந்து எதையோ ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"முன்குழாயில காத்து போயிடுச்சு. குறுக்குக் குழாயிங்கள அடைக்கிறா. அதுல காத்து நிக்கும். பட்டத்த விட்டுட்டு நீந்தினாதான் ஆபத்து. இப்ப அதுதான் அவளுக்குத் தோணி" என்றார் ஜெயசுதா.

அப்படியே ஆயிற்று. குழாய்களைக் கட்டிப்பிடித்துப் படுத்தவள், துணியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். மேற்கேயிருந்து வந்த காற்று அவளைக் கிழக்குக் கரைப் பக்கம் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. லூர்துராஜ் கரையோடு கரையாக ஓடினார். வழியில் ஒரு செருப்பு கழன்று போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சொட்டச் சொட்ட மேலே ஏறிய மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். முழுசாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் போன கோபம் இரண்டு மடங்காகத் திரும்பியது.

"இத்தோட சரி! இவ கடலுக்கும் போவ மாட்டா, ஏரிக்கும் வர மாட்டா. நான் போலீசுக்குப் போவேன் மேடம், கலெக்டர் ஆபீசுக்குப் போவேன். எவன் பாத்தான் அந்த வால்வ? அவன் கை வெளங்காம போவ!"

ஜெயசுதா பட்டத்தைப் புரட்டினார். முன்குழாயின் வால்வு பாதி திருகில் நின்றது.

"இன்னா பெல்லா இது? ஏத்தறதுக்கு முன்னாடி பாக்கலியா?"

இசபெல்லா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"என் தப்புதான் மேடம். காலையில சரியா பாக்கல."

"தப்புதான். இனிமே ஒவ்வொரு வாட்டியும் பாக்கணும். ஆனா ஒண்ணு. காத்து போன பட்டத்த வச்சிக்கினு இந்தக் காத்துல யாரு தயவும் இல்லாம கரையேறினே பாரு, கடைசிப் பரீட்சையே அதான். சாயங்காலம் நானே உன்ன தண்ணியில விழச் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே வேணாம். தேறிட்ட. திங்கக்கெழம கெளம்பு."

லூர்துராஜ் இடையில் பாய்ந்தார்.

"விழுந்து எழுந்ததுக்கா பாசு? இன்னா அநியாயம் இது! கேக்க ஆளே இல்லியா?"

ஆள் யாரும் இல்லை. பட்டத்தை மடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு வண்டியை எடுத்தார். மேடத்தில் ஆரம்பித்து ஆடி மாசம் வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

சங்கராபுரம் எல்லை வந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த இசபெல்லா அவர் காதருகே குனிந்தாள்.

"ப்பா, இனிமே என்னப் போவ விடாம வால்வ கழட்டறதா இருந்தா, காத்தடிச்ச கையோட முழுசா கழட்டிடு. பாதி கழட்டினா காத்து கரையில எறங்காது, நடு ஏரியிலதான் எறங்கும்."