வண்டிகள் மெதுவாகும் முனை

வேகத்தடை தேவையா என்று ஆராய வந்த பொறியாளருக்கு அந்தக் கிராமத்து நாற்சந்தி பிடிபடவே இல்லை. நேர் சாலையில் பறந்து வரும் லாரிகூட முனைக்கு வந்ததும் நத்தையாய் ஊர்ந்தது.

முனையில் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டுதான் ஓட்டுநர்கள் பிரேக் போடுகிறார்கள் என்பது அவருக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

"அம்மா, நீங்க இருந்தா எல்லா வண்டியும் மெதுவாத்தான் போகும். வேகத்தடை வேண்டாம்னு முடிவாயிடும். நாளைக்கு ஒருநாள் வீட்டுல இருங்களேன்."

"அந்த ஒருநாள்ல யாராவது அடிபட்டுட்டா?"

அவர் நாற்காலியருகே வந்தார். தயங்கியபடி கேட்டார்.

"யாரைப் பறிகொடுத்தீங்க?"

"என் பையன் வாழ்க்கை இந்த முக்குலதாங்க நாசமாப் போச்சு. அன்னையிலேருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்."

"பாவம். என்ன வயசு இருக்கும்?"

"அவன் உயிரோடதான் இருக்கான். ஸ்கூல் விட்டு வந்த பொண்ணு மேல வேனை ஏத்திக் கொன்னது அவன்தான்."

பொறியாளர் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார்.

அப்போது சாலையைக் கடந்து இன்னொரு பெண் வந்தாள். அவளைப் பார்த்ததும் இவள் எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வந்தவள் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து சாலையை வெறித்தாள்.

"யாரு இவங்க?"

"அந்தப் பொண்ணோட அம்மா," என்றாள் இவள், குரலைத் தாழ்த்தி. "சாயங்காலம் அவங்க பார்த்துக்குவாங்க. இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."