சுவிட்சுக்கு வைத்த பொட்டு

“ஒச்சாயி, நீ நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

மானேஜர் கோகுல்நாத் இப்படிச் சொன்னபோது நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

செல்லூரில் லுங்கி, துண்டு ஏற்றுமதி செய்யும் ஆபீஸ் அது. பதினெட்டு கம்ப்யூட்டர். ஆயுத பூஜை லீவு முடிந்து அன்று காலையில் எல்லாவற்றையும் போட்டால், ஒன்றுகூட இன்னொன்றோடு பேசவில்லை. சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போக வேண்டிய பேப்பர் எல்லாம் சர்வருக்குள் மாட்டிக்கொண்டது.

ஒச்சாயி அந்த ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் அக்கா. எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிகள் மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தேன். பூஜைக்கு அவற்றைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தவர் அவர்தான்.

“பொட்டுதான் சார் வச்சேன். வயரு ஒண்ணையும் தொடல” என்றவர், என்னைப் பார்த்தார்.

பாவம், என்னிடம் உதவி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் மதுரையிலேயே பெரிய நெட்வொர்க் இன்ஜினியர். என் விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. மற்றபடி, மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து மூன்று மாத கோர்ஸ் முடித்தவன். சிம்மக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் தனியாக வயர் இழுத்துக் கொடுத்த முதல் ஆபீஸ் இதுதான். அந்த மரியாதைக்குப் பூஜைக்கும் கூப்பிட்டு, பொரி சுண்டல் கொடுத்து, குரூப் போட்டோவில் நடுவில் நிற்க வைத்திருந்தார்கள்.

“படிக்காதவங்க கையில இந்த மாதிரி ஐட்டத்தைக் குடுத்தா இப்படித்தான் சார் ஆகும். சந்தனத்துல ஈரம் இருக்குல்ல” என்றேன்.

சந்தனம் காய்ந்து உதிர்ந்து கொண்டிருந்தது. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு சர்வரில் கோளாறு என்றேன். பன்னிரண்டு மணிக்கு வைரஸ் என்றேன். நன்றாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

டாக்குமெண்ட் டைப் அடிக்கும் ஃபாயிஸா எட்டிப் பார்த்தார். “அண்ணே, காலையிலேருந்து மூணு நோயி சொல்லிட்டீங்க. வைத்தியம் எப்பண்ணே?”

நான் சுவிட்ச் பக்கம் போனேன். மூன்று பெட்டியிலும் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி சிமிட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டதால், வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து மறுபடி சொருக ஆரம்பித்தேன்.

இருபதாவதோ என்னவோ, ஒரு மஞ்சள் வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின.

“அண்ணே, வந்திருச்சு” என்றார் ஃபாயிஸா. பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

மஞ்சள் வயரின் மறுமுனையைத் தேடினேன். அதுவும் அதே அடுக்கில்தான் சொருகியிருந்தது. மாட்டுத்தாவணியில் ஏறியவரை மாட்டுத்தாவணியிலேயே இறக்கிவிடும் பஸ் மாதிரி, அனுப்பிய செய்தியெல்லாம் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நெரிசலாகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வரும்போது மாட்டலாம் என்று ஒரு முனையைச் சும்மா தொங்கவிட்டிருந்த வயர் அது. துடைக்கும்போது ஒச்சாயி அக்கா அந்த முனையை எடுத்து, காலியாக இருந்த ஓட்டையில் சொருகியிருக்கிறார்.

மானேஜரிடம் சொன்னால் போதும், அக்காவுக்குப் போன வேலை போனதுதான். மாடிப்படி ஓரமாகத் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு இளகிவிட்டது. இம்புட்டு நல்லவனா நான் என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

“என்னப்பா கோளாறு?” என்று மானேஜர் கேட்டார்.

“நேத்து இடி இடிச்சுதுல்ல சார். அதுல சுவிட்ச் கொஞ்சம் மிரண்டுருச்சு. அந்த அக்கா மேல தப்பில்ல.”

“காலையில சந்தனம்னு சொன்ன?”

“டெஸ்ட் பண்ணாம சொல்லிட்டேன் சார்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, “ஒச்சாயி, நாளைக்கு வழக்கம்போல வந்துரு” என்றார்.

கிளம்பும்போது நான் படிக்கட்டில் நின்றேன். நன்றியை வாங்கிக்கொள்ளாமல் போக மனசு வரவில்லை.

கையோடு எடுத்து வந்த மஞ்சள் வயரைக் காட்டி, “அக்கா, இதை எடுத்து மேல சொருகுனதுதான் அம்புட்டுக்கும் காரணம். இனிமே தெரியாத எதுலயும் கை வைக்காதீங்க. கவலைப்படாதீங்க, நான் உங்க பேரைச் சொல்லல” என்றேன்.

ஒச்சாயி அக்கா வயரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பூஜையன்னைக்குப் போட்டோ எடுக்கையில, தொங்குனா அசிங்கமா இருக்குன்னு இதைச் சொருகுனது நீங்கதான தம்பி? யாரு கை வச்சதுன்னு சாரு காலையில மூணு தடவை கேட்டாரு. வேலைக்குப் புதுசா வந்த புள்ள, பொழைச்சுப் போகட்டும்னு நானும் உங்க பேரைச் சொல்லல.”