மூன்றாவது ரிப்பேர்

மலேசியாவின் கூலாய் நகரில், ரூபேந்திரன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கச் சந்திரமதி வருவது இது மூன்றாவது முறை. திறக்கவே அரை மணி நேரம் ஆகிறதென்று அவன்தான் போன் செய்திருந்தான்.

"ஹார்ட் டிஸ்க் பழசாயிடுச்சு. எஸ்.எஸ்.டி. போட்டுடறேன்," என்றாள்.

"அப்படின்னா?"

"இதுல சுத்துற தட்டு எதுவும் இல்ல. அதான் வேகம். பழைய டிஸ்க்குல ஃபைலையெல்லாம் வரிசைப்படுத்துற டிஃப்ராக் மட்டும் இதுல பண்ணாதீங்க, ஆயுசு குறையும். கொஞ்சம் இடம் காலியா வைங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அவள் பொறுமையாகச் சொன்னாள். ஃபைல்கள் காப்பியாகும்வரை இருவரும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டே சிரித்துப் பேசினார்கள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது.

"இனிமே வருஷக்கணக்கா என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது."

ரூபேந்திரனின் முகம் தொங்கிப்போயிற்று.

வாசலுக்கு வந்த சந்திரமதி, கொடியில் காய்ந்த அவனுடைய வேலைச் சட்டையைக் காட்டினாள். முதுகில் 'டேட்டா சென்டர் டெக்னீஷியன்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

"வேலையில ஒரு நாளைக்கு எத்தனை எஸ்.எஸ்.டி. மாத்துவீங்க?"

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது. "எண்ணினது இல்லைங்க. இப்பத்தான் பாத்தீங்களா?"

"முதல் தடவை வந்தப்பவே இது இங்கதான் காஞ்சுது."

"அப்புறம் ஏங்க இவ்வளவு விளக்கமாச் சொன்னீங்க?"

"நீங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நல்லா இருந்துச்சுலா," என்றாள் சந்திரமதி, காலணியை மாட்டிக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. கம்ப்யூட்டர் நல்லா ஓடினாலும் போன் பண்ணுங்க."