நீலமும் கறுப்பும்

வாங்க நினைக்கும் பொருளைத்தான் கதிரேசன் மட்டம் தட்டுவான். பாத்திரக்கடை நடத்திப் பழகிய வாய். உமையாளைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே தரகரிடம், "நிறம் கம்மி, நெத்தி வேற ஏறிக் கெடக்கு" என்றவன், அந்த மாதமே தாலி கட்டினான். இப்போது போன் கடையில், இருப்பதிலேயே விலை உயர்ந்த இரண்டைக் கைக்கொன்றாக வைத்துத் தூக்கிப் பார்த்தான். "கறுப்பு தங்கம்ப்பா. இந்த நீலந்தான் வழுக்குது, கனக்குது, சகிக்கல." விற்பனையாளர் நீலத்துக்குத் தள்ளுபடி சொல்லத் தொடங்கியதும் உமையாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கேமராவைச் சோதிக்க, அவளையும், போன் விவரம் தெரிந்தவள் என்று கூட்டிவந்திருந்த நளினியையும் சேர்த்து நிறுத்தி இரண்டு போனிலும் படம் எடுத்தான். நளினி அவன் கடையில் பில் போடுபவள். "உமையா, நீ அம்சமா விழுந்திருக்க. இந்த நளினிக்குத்தான் மூக்கு கோணல், பல்லும் எடுப்பு."

"போங்க முதலாளி" என்று நளினி சிரித்தாள்.

உமையாள் சிரிக்கவில்லை. நீலத்தை வாங்கி, நளினியின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மூக்கு நேராகத்தான் இருந்தது. கறுப்பையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.