அசையாத விருந்தாளி

ஆண்டவன் படைத்த ஓர் இதயத்திலே, உயிரணுச் சுவரில் அக்கா தங்கையாய் இரண்டு ஏற்பிகள் அக்கம்பக்கமாக வாசல் காத்தார்கள். வரும் விருந்தாளியை மடியில் உட்காரவைத்து, அவர் சேதியை உள்ளே நிற்கும் ஜி புரதத்திடம் சொல்வதுதான் அவர்கள் வேலை. இதயத்தைப் படபடக்க வைக்கும் ஹார்மோனான அட்ரினலின் எப்போதும் மூத்தவளிடமே போனாள். நமக்கும் ஒரு சேதி கிடைக்காதா என்று இளையவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள், இதயத்துக்குச் சொந்தக்காரி படபடப்பை அடக்க விழுங்கிய மாத்திரையிலிருந்து ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். "வாங்க, வாங்க" என்று இளையவள் இழுத்து உட்காரவைத்தாள்.

"பாத்தியாக்கா? உன் ஆளு வந்ததும் ஓடிடுவா. என் ஆளு அசையவே இல்ல!"

"சேதி என்னக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டது ஜி புரதம்.

"இன்னும் வாயைத் திறக்கல. இருடா."

அப்போதுதான் அட்ரினலின் முதல் தடவையாக இளையவள் வாசலுக்கே வந்தாள். மடியைப் பார்த்தாள்.

"அடடா, ஆள் இருக்காங்களா?" என்று பக்கத்து வாசலுக்குப் போய்விட்டாள்.