பெற்றோல் தாங்கி

எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவினாள். காலை பதினொன்று பத்து.

மூன்றாம் நாள் ஓட்டமும் முடிந்தது. குளிர்ந்த எஞ்சினை நின்ற நிலையில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே வேகத்தில் போய், பிரேக்கைத் தொடாமல் அக்சிலேற்றரிலிருந்து காலை மட்டும் எடுத்து வேகத்தைத் தானாகக் குறையவிட்டு. எல்லாம் மெக்கானிக் குகதாசன் எழுதிக் கொடுத்தபடி.

கணவர் போன பிறகு அவருடைய கார் எட்டு மாதம் கராஜிலேயே கிடந்தது. பற்றறி செத்துப்போனது. புதியதை மாட்டியபோது காரின் கணினிக்குப் பழையது எதுவும் ஞாபகம் இல்லை. ஓடி ஓடி அது தன்னைத் தானே சோதித்து முடித்தால்தான் புகைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள்.

இன்று கடைசி நாள். ஆறு மணிக்குப் பரிசோதனை நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். தவறினால் காரை உடைக்கக் கொடுத்துவிடுவதென்று மகனோடு பேச்சு.

ஒரு சோதனைதான் மிச்சம். பெற்றோல் தாங்கி.

"அதை நீங்கள் ஓடி முடிக்கேலாது அக்கா," என்றிருந்தான் குகதாசன். "நிப்பாட்டி ஐஞ்சு மணித்தியாலத்தால அது தானா எழும்பி, பம்ப் ஒண்டைப் போட்டு, எங்கயாவது காத்துப் போகுதோ எண்டு பாக்கும். ஒரு கால் மணித்தியாலம் இரையும். கதவைத் திறந்து எட்டி எட்டி விடுப்புப் பாக்காதேங்கோ. அண்ணையின்ர கார்தானே, ரோசம் வந்து நிண்டுடும்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

காரின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்தாள். கராஜின் சின்ன ஜன்னலில் ஒக்டோபர் வெயில் நகர்ந்தது.

நாலு பத்துக்கு அது எழும்பியது.

பின் இருக்கைக்கு அடியில் மெல்லிய இரைச்சல். உள்ளே இழுத்தது. பிடித்து வைத்திருந்தது. விட்டது.

மறுபடி இழுத்தது.

கால் மணி கழிந்தது. நாலரை. ஐந்து.

குகதாசனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"இன்னும் இரையுதோ?" என்று கேட்டான். "அப்பிடி இரையாதே. திறப்பைப் போட்டுத் திருப்புங்கோ அக்கா, நிண்டுடும். ரெஸ்ற் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அவள் எழுந்து காரின் பின்புறத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று. நான்கு.

நான்காவதற்குப் பிறகு நீண்ட இடைவெளி.

அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். இருட்டில் கண்ணைத் திறந்து, அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்திருக்கிறாள்.

வந்தது.

ஐந்தரைக்கு மகன் பிரணவன் வேலையிலிருந்து நேரே வந்தான்.

"என்னம்மா லைற்றும் போடாமல்? திறப்பைத் தாங்கோ, பூட்டப்போறாங்கள்."

கொடுத்தாள்.

அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். அப்படியே நின்றான். தலையை மெல்லச் சரித்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவனும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள். சின்ன வயதில் அவளுக்கும் அவருக்கும் நடுவில் படுத்தவன்.

வந்தது.

"நிப்பாட்டட்டோ அம்மா?"

மருத்துவமனையில் இதே கேள்வியை ஒரு வைத்தியர் கேட்டார். அப்போது இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலையாட்டியது அவள்.

இப்போது அவள் தலை அசையவில்லை.

ஐந்து ஐம்பது.

அவன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான். ஃபோனை அணைத்தான். பிறகு, சத்தம் வராமல் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் சீமெந்துத் தரையில் அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான்.