முழங்கால் இடிக்கும் வண்டி

"என்ஜின் மொத்தமா ஜாம் சார். கட்டி இழுத்துட்டு வந்த கூலியையும் சேர்த்தா, வண்டி விலையையே தாண்டிடும்."

"செய்ங்க" என்றார் அவர், சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தபடி.

நீங்களாவது சொல்லுங்களேன் என்பதுபோல் மெக்கானிக், கூட வந்திருந்த அவருடைய மைத்துனனைப் பார்த்தார்.

"பேசாம பழைய இரும்புக்குப் போட்டுரலாம் மாமா. உங்க உயரத்துக்கு இது ஒரு வண்டியா? முழங்கால் ரெண்டும் ஸ்டியரிங்ல இடிக்க, தவளை மாதிரி உட்கார்ந்து ஓட்டுறீங்க."

"பழகிடுச்சு."

"தினமும் தைலம் தேய்க்கிறதுமா?"

அவர் முன்பணத்தை எண்ணாமலே மேசைமேல் வைத்தார். இனிப் பேசிப் பயனில்லை என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. ஆட்களை வண்டியைத் தள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கதவைத் திறந்தார்.

"இதுல எப்படி சார் ஒரு மனுஷன் உட்காருறது?" என்று சிரித்தபடி குனிந்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ள அடியில் லீவரைத் தேடிக் கையை விட்டார்.

அதுவரை மரம்போல் நின்றவர் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவன் அக்கா குள்ளம்ங்க. நெஞ்சு வலிக்குதுன்னு, நான் வர்றதுக்குள்ள தானே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. வண்டியை மட்டும்தான் நான் திரும்ப ஓட்டிட்டு வந்தேன்."

மைத்துனன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். மெக்கானிக்கின் விரல்கள் லீவர்மேல் அப்படியே நின்றன.

"என்ஜினை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அவ இழுத்துப் போட்ட சீட்டை மட்டும் நகர்த்தாம வேலை பார்க்க முடியுமா?"